ஐந்தடிப் பலகையில் ஒரு சிற்றூர் ரயில் நிலையம்: மாதிரி ரயில் அமைக்கத் தொடங்குபவர்களுக்கு

மாதிரி ரயில் என்றதும் அறை முழுக்க வளைந்தோடும் தண்டவாளமும் மலையும் சுரங்கமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் உள்ள மினியேச்சர் வுண்டர்லாண்ட் அப்படிப்பட்டது. வீட்டில் அதே கனவோடு தொடங்குபவர்களின் வேலை பெரும்பாலும் பாதியில் நின்று பரணுக்குப் போய்விடுகிறது. முதல் முயற்சிக்கு ஐந்தடி நீளம், ஓரடி அகலமுள்ள ஒரு பலகை போதும். அதில் ஒரு பாதையை இரண்டாகப் பிரிக்கும் பாயின்ட் இரண்டு, ஓர் எஞ்சின், எட்டு வேகன், கையால் கட்டிய ஒரு நிலையம். இதை முழுமையாக முடிக்கலாம், அலமாரி மேல் வைக்கலாம், தினமும் ஓட்டி மகிழலாம்.

இந்தக் கலையில் எல்லாவற்றுக்கும் அடிப்படை அளவு. வண்ணம் கொஞ்சம் திட்டுத் திட்டாக இருந்தாலும் கண் பொறுத்துக்கொள்ளும். கதவு ஆள் உயரத்துக்குப் பொருந்தாமல் போனால், காரணம் தெரியாமலே பார்ப்பவர் அதைப் பொம்மை வீடு என்று ஒதுக்கிவிடுவார். ஆகவே கத்தியை எடுக்கும் முன் ஸ்கேலை எடுங்கள்.

எந்த அளவில் கட்டுவது?

உலகில் பரவலாகப் புழங்குவது எச்.ஓ. (HO) அளவு, அதாவது 1:87, அசலில் 87-இல் ஒரு பங்கு. அதன் பாதை அகலம் 16.5 மி.மீ. இடம் மிகக் குறைவாக உள்ளவர்கள் 1:160 அளவுள்ள 'என்' (N) வகையை நாடுகிறார்கள். அதன் பாதை 9 மி.மீ. கட்டடங்களைத் தானே செய்ய விரும்பும் புதியவருக்கு எச்.ஓ.தான் ஏற்றது. ஏழடிக் கதவு எச்.ஓ.வில் 24.5 மி.மீ. உயரம் வரும், 'என்' அளவில் 13 மி.மீ. மட்டுமே. அந்தப் பதின்மூன்றுக்குள் சட்டமும் தாழ்ப்பாளும் வைக்கப் பழகிய கை வேண்டும்.

எச்.ஓ.வில் இன்னொரு வசதி, ஓரடி சரியாக 3.5 மி.மீ. ஆகிறது. நம் கொத்தனார்களும் தச்சர்களும் இன்றும் அடியில்தான் பேசுகிறார்கள் என்பதால் எந்தக் கட்டடத்தின் அளவையும் 3.5-ஆல் பெருக்கினால் போதும். ஐந்தரை அடி மனிதர் 19 மி.மீ. ஒன்பது அங்குலச் சுவர் 2.6 மி.மீ.

பாதை அகலத்தில் ஒரு சிக்கல் உண்டு. 16.5 மி.மீ. என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மி.மீ. பாதையின் 87-இல் ஒரு பங்கு. நம் அகலப் பாதை 1676 மி.மீ. என்பதால் கணக்குப்படி 19.3 மி.மீ. வேண்டும். அந்த அகலத்தில் வேண்டுமென்றால் பாதையையும் சக்கரத்தையும் நீங்களே செய்ய வேண்டியிருக்கும். எனவே இந்திய ரயில்களை எச்.ஓ.வில் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் 16.5-ஐயே ஏற்றுக்கொள்கிறார்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது வேறுபாடு தெரியாது. நீலகிரி மலை ரயில் போன்ற மீட்டர் கேஜ் பாதையைக் காட்ட விரும்பினால் 12 மி.மீ. அகலமுள்ள எச்.ஓ.எம். பாதை உண்டு, விலை அதிகம், பாயின்ட் வகைகளும் குறைவு. முதல் பலகைக்கு அது வேண்டாம்.

மனித உருவங்கள் வாங்கும்போது கவனம் தேவை. பிரிட்டனில் புழங்கும் ஓ.ஓ. அளவு 1:76, பாதை அதே 16.5 மி.மீ. என்பதால் பலர் இரண்டையும் ஒன்றென்று எண்ணிவிடுகிறார்கள். ஓ.ஓ. மனிதர் 22 மி.மீ. நிற்பார். அவரை எச்.ஓ. கதவருகே நிறுத்தினால் தலை நிலைப்படியில் இடிப்பதுபோல் இருக்கும். கட்டடக்கலை மாணவர்களுக்கான கடைகளில் கிடைக்கும் 1:100 உருவங்கள் 17 மி.மீ. இருக்கும், அவற்றைப் பின்வரிசையில் மட்டும் நிறுத்துங்கள்.

பாதைத் திட்டம்

ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ்காரர் வடிவமைத்த இங்கிள்நூக் சைடிங்ஸ் என்ற திட்டம் சிறிய பலகைக்கென்றே அமைந்தது. ஒரு முனையில் எஞ்சினும் மூன்று வேகனும் நிற்கும் அளவுக்கு ஒரு முன்பாதை. அங்கிருந்து முதல் பாயின்ட். அது ஒரு பக்கம் ஐந்து வேகன் கொள்ளும் பாதைக்கும், மறுபக்கம் இரண்டாம் பாயின்ட்டுக்கும் பிரியும். இரண்டாம் பாயின்ட் தலா மூன்று வேகன் கொள்ளும் இரு பாதைகளாகப் பிரியும். மொத்தம் எட்டு வேகன்.

நான்கு சக்கர வேகன் ஒன்றுக்குக் கொக்கியோடு 11 செ.மீ., எஞ்சினுக்கு 16 செ.மீ. என்று வையுங்கள். முன்பாதை 50 செ.மீ., சிறிய பாயின்ட் 17 செ.மீ., அதைத் தாண்டி அடுத்த பாதையில் நிற்கும் வேகன் இடிக்காத இடைவெளி 10 செ.மீ., பிறகு ஐந்து வேகனுக்கு 55 செ.மீ. கூட்டினால் 132 செ.மீ. ஐந்தடிப் பலகை 152 செ.மீ. என்பதால் இரு முனையிலும் தடுப்புக்கட்டைக்கு இடம் கிடைக்கும். எட்டுச் சக்கர வேகன்தான் உங்களிடம் இருக்கிறதென்றால் கணக்கை 16 செ.மீ. வைத்து மறுபடி போடுங்கள். அப்போது 3, 2, 2 வேகன் கொள்ளும் சிறிய வடிவத்துக்கு இறங்கிவிடுவது நல்லது. மொத்தம் ஐந்து வேகன் போதும், பலகையும் அதே ஐந்தடிக்குள் அடங்கும்.

இந்தப் பலகையில் விளையாட்டு என்பது, குலுக்கி எடுத்த வரிசைப்படி வேகன்களைக் கோத்து நிறுத்தும் புதிர். மேலே சொன்ன நீளங்கள் அதன் விதியும்கூட. முன்பாதை ஒரு வேகன் அதிகமாகக் கொண்டால் புதிர் எளிதாகிவிடும், ஒன்று குறைந்தால் தீர்க்கவே முடியாமல் போகும்.

பலகையும் தண்டவாளமும்

9 மி.மீ. பிளைவுட், அடியில் இரண்டங்குல உயரத்துக்கு மரச்சட்டம். நான்கு ஓரத்திலும், குறுக்கே இரண்டு இடத்திலும் சட்டம் வேண்டும். சட்டமில்லாத பிளைவுட் கோடையிலும் மழையிலும் மாறி மாறி வளைந்து, பாயின்ட்டின் நாக்கு (வண்டியைத் திருப்பிவிட அசையும் தண்டவாள முனை) பதியாமல் போகும். ஒட்டும் வேலை தொடங்கும் முன் மேல், கீழ், ஓரம் எல்லாப் பக்கமும் ஒரு பூச்சு வார்னிஷோ பெயின்டோ அடித்துவிடுங்கள். மேல்புறம் மட்டும் அடித்தால் கீழ்புறம் ஈரம் குடித்து, பலகை ஒரு பக்கமாக வளையும்.

வாங்க வேண்டியவை: 914 மி.மீ. நீளமுள்ள வளையும் தண்டவாளத் துண்டு மூன்று, பாயின்ட் இரண்டு, தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினர் ஒரு பாக்கெட், 12 வோல்ட் டி.சி. கன்ட்ரோலர் ஒன்று. தண்டவாளம் நிக்கல் சில்வர் உலோகத்தில் இருக்கட்டும். கடலோர ஊர்களில் எஃகுத் தண்டவாளம் துருப்பிடித்து மின்தொடர்பு விட்டுவிடும். சக்கரத்தின் விளிம்பு ஆழம் வேறுபடும் பழைய வண்டிகளையும் ஏற்றுக்கொள்வதால் கோட் 100 எனப்படும் தடிமன் புதியவருக்கு ஏற்றது. அதில் தண்டவாளத்தின் உயரம் 2.54 மி.மீ.

முதலில் எதையும் ஒட்டாதீர்கள். பாதை முழுவதையும் பலகைமேல் பரப்பி, வேகன்களை நிறுத்தி, எண்ணிக்கை சரியாக வருகிறதா என்று பார்த்துப் பென்சிலால் கோடு போடுங்கள். தண்டவாளத்தை வெட்டிய இடத்தில் பிசிறை அரத்தால் தேய்த்துவிட வேண்டும். வண்டி தடம் புரள்வதில் பாதி அந்தப் பிசிறால்தான். இணைப்புகளில் அரை மி.மீ. இடைவெளி விடுங்கள். இடைவெளியே இல்லாமல் நெருக்கிப் பதித்த பாதை வெயில் காலத்தில் பக்கவாட்டில் பிதுங்கும்.

மின்சாரத்துக்கு ஜாயினரை நம்பக் கூடாது. நாளடைவில் அது தளரும், தூசி நுழையும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியாகச் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என இரு மெல்லிய ஒயர்களைப் பற்றவைத்துப் பலகையின் அடியில் ஓடும் தடித்த ஒயரோடு இணையுங்கள். 25 வாட் பற்றவைப்புக் கோல் போதும். தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் முதலில் ஈயம் பூசி, ஒயர் நுனியிலும் பூசி, இரண்டையும் சேர்த்துக் கோலை இரண்டு மூன்று விநாடி மட்டும் வைத்து எடுங்கள். அதற்கு மேல் வைத்தால் தண்டவாளத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் குறுக்குக்கட்டை, அதாவது ஸ்லீப்பர், உருகும். இருபுறமும் ஈரப்பஞ்சைச் சுற்றிவைத்தால் சூடு பரவாது. உட்பக்கம் பற்றவைத்தால் சக்கர விளிம்பு ஈயக் கட்டியில் ஏறிக் குதிக்கும்.

ஓர் எஞ்சினுக்கு டி.சி. கன்ட்ரோலரே போதும். டி.சி.சி. முறையில் ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் ஒரு சிறு மின்னணுப் பலகை இருந்து, ஒரே பாதையில் பல எஞ்சின்களைத் தனித்தனியாக ஓட்ட வழி செய்கிறது. அதன் தேவை இந்தப் பலகையில் இல்லை. பாயின்ட் வாங்கும்போது மட்டும் நடுவிலுள்ள வி வடிவத் துண்டுக்கும் மின்சாரம் கொடுக்க முடிகிற வகையைத் தேடுங்கள். அந்தத் துண்டு வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால், வேகன்களை இடம் மாற்றி நிறுத்தும் குட்டையான ஷண்டிங் எஞ்சின் மெதுவாகக் கடக்கும்போது அங்கேயே நின்றுவிடும்.

பாதை பதிந்ததும் ஜல்லி கொட்டவோ மண் பூசவோ அவசரப்படாதீர்கள். ஓரிரு வாரம் வெறும் பலகையிலேயே ஓட்டுங்கள். வேகன்களைத் தள்ளியும் இழுத்தும் பார்த்தால்தான் எந்த இணைப்பில் தடம் புரள்கிறது என்று தெரியவரும். ஒரே இடத்தில் எல்லா வேகனும் புரண்டால் குறை பாதையில். ஒரே வேகன் எல்லா இடத்திலும் புரண்டால் குறை அதன் சக்கரத்தில். பெரும்பாலும் இரு சக்கரத்துக்கும் இடையிலான தூரம் குறைந்திருக்கும். ஜல்லி ஒட்டிய பிறகு பாதையைத் திருத்துவது, ஒட்டிய ஜல்லியைச் சுரண்டி எடுக்கும் வேலையில் போய் முடியும்.

நிலையக் கட்டடம்

இந்தப் பொழுதுபோக்கின் உயிர் இங்கே இருக்கிறது. எஞ்சினும் வேகனும் ஜெர்மனியில் செய்ததாக இருக்கலாம். அருகில் ஓட்டுக்கூரையும் தாழ்வாரமும் மஞ்சள் பெயர்ப்பலகையும் வந்துவிட்டால் காட்சி நம் ஊருக்கு வந்துவிடும். நம் கட்டடங்களுக்கு ஆயத்தப் பெட்டிகள் அரிதாகவே கிடைக்கின்றன என்பதால் கையால் கட்டுவதுதான் வழி.

உங்களுக்குப் பிடித்த ஒரு சிறிய நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். நிலைய மேலாளரிடம் கேட்டுக்கொண்டு, நான்கு பக்கமும் நேருக்கு நேராக, முடிந்தவரை விலகி நின்று படம் எடுங்கள். அருகில் நின்று அண்ணாந்து எடுத்த படத்தில் சுவர் மேலே குறுகித் தெரியும், அதிலிருந்து அளவு எடுக்க முடியாது. டேப் வைக்க முடியாத இடத்துக்குக் கதவே அளவுகோல். அதன் உயரம் ஏழடி என்று தெரிந்தால், படத்தில் மற்றவை அதற்கு எத்தனை மடங்கு என்று கணக்கிடலாம். கூரைக்கு ஓட்டு வரிசைகளை எண்ணுங்கள். மங்களூர் ஓடு சுமார் 41 செ.மீ. நீளம் இருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று படிந்த பின் ஒரு வரிசைக்கு 32 செ.மீ. அளவுக்குத்தான் வெளியே தெரியும். பன்னிரண்டு வரிசை என்றால் சரிவு ஏறக்குறைய 3.8 மீட்டர்.

இங்கே எடுத்துக்கொள்வது 40 அடி நீளம், 16 அடி அகலம், 11 அடிச் சுவர், முன்னால் 8 அடித் தாழ்வாரம் உள்ள நிலையம். எச்.ஓ.வில் 140 மி.மீ., 56 மி.மீ., 38.5 மி.மீ., 28 மி.மீ.

சுவருக்கு 3 மி.மீ. சன்போர்டு (எடை குறைந்த பிளாஸ்டிக் நுரைப்பலகை) வாங்குங்கள். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் வெட்டிய மிச்சத் துண்டே மலிவாகக் கிடைக்கும். அட்டையைவிட இது மேல், ஏனென்றால் ஈரத்தில் ஊறாது, வளையாது. இதன் தடிமன் ஒன்பது அங்குலச் சுவரும் பூச்சும் சேர்ந்த அளவுக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. ஜன்னல் குழியின் ஆழம் தானாகவே சரியாக வந்துவிடும். மெல்லிய அட்டையில் கட்டிய மாதிரிகள் தட்டையாகத் தெரிவதற்கு இந்த ஆழம் இல்லாததே காரணம்.

வெட்ட வேண்டிய துண்டுகள் நான்கு. பக்கச் சுவர் இரண்டு: அகலம் 56, ஓரத்தில் உயரம் 38.5, நடு உச்சி 54.7 மி.மீ. கூரைச் சரிவு 30 பாகை என்பதால் உச்சி 16.2 மி.மீ. உயர்கிறது. முன்சுவரும் பின்சுவரும் 134 × 38.5 மி.மீ. 140 எங்கே போயிற்று என்று கேட்கலாம். நீளச் சுவர்கள் இரு பக்கச் சுவர்களுக்கு நடுவே பொருந்துகின்றன. அவற்றின் தடிமன் 3 + 3 = 6 மி.மீ. கழிந்தது. இந்தத் தடிமனைக் கழிக்க மறப்பதால்தான் பலருடைய முதல் கட்டடத்தில் கூரை ஒரு பக்கம் குட்டையாக நிற்கிறது.

முதலில் கதவு ஜன்னல் ஓட்டைகளை வெட்டுங்கள், பிறகு சுவரின் வெளிக்கோட்டை. பெரிய தாளில் இருக்கும்போது ஓட்டை வெட்டினால் துண்டு கையில் நழுவாது, மூலை முறியாது. கதவு 12 × 24.5 மி.மீ., ஜன்னல் 10.5 × 14 மி.மீ. ஜன்னலின் அடி தரையிலிருந்து மூன்றடி, அதாவது 10.5 மி.மீ. எஃகு ஸ்கேலை ஒட்டி, கத்தியை அழுத்தாமல் நான்கைந்து முறை இழுத்து வெட்டுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் அலகு சாய்ந்து, பின்பக்க ஓட்டை பெரிதாகிவிடும். மூலையிலிருந்து நடுவை நோக்கி வெட்டினால் மூலைகளில் கீறல் நீளாது. கட்டர் கத்தியில் அலகு மழுங்கும் முன்பே அதன் நுனித் துண்டை உடைத்துவிடுங்கள். மழுங்கிய அலகு பொருளைக் கிழிக்கும், அழுத்தச் சொல்லும், கையையும் பதம் பார்க்கும்.

ஒட்டுவதற்கு ஃபெவிக்விக். வெள்ளை ஃபெவிகால் இரண்டு சன்போர்டு துண்டுகளுக்கு நடுவே பிடிக்காது. நீரை உறிஞ்சும் பொருள் ஒன்றாவது இருந்தால்தான் அது காய்ந்து இறுகும். ஒரு பக்கச் சுவரையும் ஒரு நீளச் சுவரையும் மூலைமட்டத்தில் அணைத்து ஒட்டி எல் வடிவமாக்குங்கள். மற்ற இரண்டையும் அப்படியே. பிறகு இரு எல்களையும் சேருங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் நிறுத்தப் பார்த்தால் சதுரம் கோணிவிடும். உள்மூலைகளில் சிறு துண்டுகளைத் தாங்கலாக ஒட்டி, நடுவே ஒரு குறுக்குச் சுவரும் வையுங்கள்.

உள்ளே விளக்கு வைக்க எண்ணம் இருந்தால் கூரை மூடும் முன் சுவரின் உட்பக்கம் கறுப்பு அடித்து, அதன்மேல் வெள்ளை அடியுங்கள். வெள்ளைச் சன்போர்டு ஒளியைக் கடத்தும். கறுப்பு இல்லாவிட்டால் இரவில் சுவரே ஒளிரும். மஞ்சள் கலந்த வெள்ளை எல்.இ.டி. ஒன்று, அதோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 12 வோல்ட் டி.சி. அடாப்டர் போதும். ரயில் கன்ட்ரோலரிலிருந்து எடுத்தால் வேகத்துக்கேற்ப விளக்கு கூடிக் குறையும்.

ஜன்னல் கண்ணாடிக்கு ஓ.எச்.பி. தாள் எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். இதை ஃபெவிக்விக்கால் ஒட்டாதீர்கள்; அதன் ஆவி படிந்து தாள் வெள்ளை பூத்துவிடும். ஓரத்தில் மட்டும் ரப்பர் பசை வைத்து ஓரிரவு காயவிடுங்கள். ஜன்னல் கம்பிகளுக்குத் தையல் நூலை ஃபெவிகாலில் தோய்த்து இழுத்துக் கட்டிக் காயவைத்துத் துண்டு போட்டால் விறைப்பாக நிற்கும்.

ஓட்டுக்கூரை

பொறுமை அதிகம் கேட்பதும், பார்ப்பவர் கண் முதலில் போவதும் இங்கேதான். ஆகவே நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

அடித்தளத்துக்கு 1 மி.மீ. கிரே போர்டு, அதாவது சாம்பல் நிறக் கெட்டி அட்டை. சுவருக்கு வெளியே ஒன்றரை அடி, அதாவது 5 மி.மீ. நீட்டிக்கொண்டால் ஒரு சரிவுக்கு 150 × 38 மி.மீ. இரண்டு துண்டு. தாழ்வாரக் கூரை 150 × 35 மி.மீ. ஒரு துண்டு, அதன் சரிவு 20 பாகை போதும். அட்டையின் இருபுறமும் ஒரு பூச்சு வார்னிஷ் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் பசை ஈரம் ஏறினால் கூரை அப்பளம்போல் வளையும்.

எச்.ஓ.வில் ஓர் ஓடு வெளியே தெரியும் அளவு ஏறக்குறைய 3.7 மி.மீ. நீளம், 2.4 மி.மீ. அகலம். 160 ஜி.எஸ்.எம். தாளில் 2.4 மி.மீ. இடைவெளியில் கோடு போட்டு, கட்டிங் மேட்டின் மேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் ரீஃபிலால் கோட்டின்மேல் அழுத்தி இழுங்கள். தாளைத் திருப்பினால் மறுபுறம் சிறு மேடுகள் தெரியும்; அதுவே ஓட்டின் வரி. பிறகு கோடுகளுக்குக் குறுக்காக 5 மி.மீ. அகல நாடாக்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு நாடாவிலும் கீழ் ஓரத்தில் கோட்டுக்குக் கோடு 1 மி.மீ. ஆழத்துக்குக் கத்தரிக்கோலால் கீறிவிட்டால் ஓடுகள் தனித்தனியாகத் தெரியும்.

முதன்மைச் சரிவுக்குப் பதினொன்று வீதம் இருபத்திரண்டு, தாழ்வாரத்துக்குப் பத்து, ஆக 32 நாடா. சேதத்துக்கும் சேர்த்து 36 வெட்டுங்கள். ஒரு நாடாவில் 62 ஓடு. மொத்தக் கூரையில் ஏறத்தாழ இரண்டாயிரம். தனித்தனி ஓடாக வெட்டி ஒட்டுபவர்களும் உண்டு. முதல் கட்டடத்துக்கு நாடாவே நல்லது.

கீழ் ஓரத்திலிருந்து மேல்நோக்கி ஒட்ட வேண்டும், அசல் கூரையில் ஓடு வேய்வதைப்போலவே. முதல் வரிசைக்கு அடியில் மட்டும் 1 மி.மீ. அகலத்தில் ஓர் அட்டைக் கீற்றை வைத்து ஒட்டுங்கள். மற்ற வரிசைகள் தமக்குக் கீழுள்ள ஓட்டின்மேல் படிந்து தலை தூக்கி நிற்கும். முதல் வரிசைக்கு அந்தத் தாங்கல் இல்லாததால் படுத்துவிடும். தச்சர் கடைசி ரீப்பரை உயர்த்தி வைப்பதும் இதற்காகவே. 3.7 மி.மீ. இடைவெளியில் முன்கூட்டியே அட்டையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கண் அளவில் ஒட்டினால் பத்தாவது வரிசையில் சாய்வு வெளிப்படையாகத் தெரியும். பசையை மெல்லிய தூரிகையால் தடவுங்கள். நாடா நனைந்தால் அழுத்திய வரிகள் மறைந்துவிடும்.

முகட்டு ஓட்டுக்கு 6 மி.மீ. அகலத் தாளை நீளவாக்கில் மடித்து 4.5 மி.மீ. துண்டுகளாக்கி, ஒன்றன் நுனி மற்றொன்றின்மேல் சற்றே ஏறும்படி ஒட்டுங்கள்.

வண்ணம் தீட்டும்போது ஒரே செங்கல் நிறத்தை முழுவதும் பூசினால் பிளாஸ்டிக் போலிருக்கும். முதலில் மங்கிய காவி. காய்ந்ததும் அங்கங்கே சில ஓடுகளை மட்டும் ஆரஞ்சு கலந்த சிவப்பில் தொடுங்கள். உடைந்து மாற்றிய புது ஓடுகள் அவை. பிறகு ஒரு பங்கு கரும்பழுப்பு அக்ரிலிக்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்துக் கூரை முழுவதும் ஓடவிட்டு, மேலிருந்து கீழாகப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். கறை ஓட்டு இடுக்குகளில் தங்கி வரிசைகளை எடுத்துக்காட்டும். மலைப்பகுதி நிலையமாக இருந்தால் கீழ் வரிசைகளில் கொஞ்சம் பாசிப்பச்சை. வறண்ட சீமையாக இருந்தால் செம்புழுதி நிறம்.

தாழ்வாரத் தூணுக்குப் பல்குச்சி போதும். சுமார் 2 மி.மீ. தடிமன் என்பதால் ஆறு அங்குல மரத்தூணுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். 28 மி.மீ. இடைவெளியில் ஆறு தூண், உயரம் 24 மி.மீ. எரிந்து மிஞ்சிய ஊதுபத்திக் குச்சியை மழைநீர்க் குழாயாகவும் வேலிக்காலாகவும் பயன்படுத்தலாம். தென்னை ஈர்க்குச்சி நுனியை நோக்கி மெலிவதால் விளக்குக் கம்பத்துக்கு அழகாக அமையும். எதையும் நன்றாக வெயிலில் காயவைத்து, வார்னிஷ் அடித்த பின்பே பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

பிளாட்பாரமும் ஜல்லியும்

பிளாட்பாரத்தின் உயரத்தைப் பலகையிலிருந்து அல்ல, தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து அளக்க வேண்டும். நம் தாழ்வான பிளாட்பாரம் 455 மி.மீ., எச்.ஓ.வில் 5.2. தண்டவாளத்தின் மேல்முகமே பலகையிலிருந்து சுமார் 5 மி.மீ. உயரத்தில் இருப்பதால் 5 மி.மீ. சன்போர்டு இரண்டை ரப்பர் பசையால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் சரியாக வரும். பாதையின் நடுக்கோட்டிலிருந்து விளிம்புவரை 20 மி.மீ. விடுங்கள். ஒட்டும் முன் உங்களிடம் உள்ள அகலமான வண்டியை ஓட்டிப் பாருங்கள், படிக்கட்டு உரசினால் 1 மி.மீ. தள்ளுங்கள். முனைச் சரிவு ஆறுக்கு ஒன்று, 10 மி.மீ. உயரத்துக்கு 60 மி.மீ. நீளச் சரிவு.

பெயர்ப்பலகை மஞ்சளில் கறுப்பெழுத்து. தமிழ்நாட்டில் மேலே தமிழ், அடுத்து இந்தி, கீழே ஆங்கிலம், அதனடியில் கடல் மட்டத்திலிருந்து உயரம். 28 மி.மீ. அகலத்தில் லேசர் பிரின்டரில் அச்சிடுங்கள். இங்க்ஜெட் அச்சு பசை ஈரம் பட்டதும் ஊறிவிடும்.

ஜல்லிக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். ரயில் பாதையின் பெரிய ஜல்லி 65 மி.மீ.; 87-ஆல் வகுத்தால் முக்கால் மி.மீ. உடைத்த கருங்கல்லான எம்-சாண்ட் நிறத்திலும் கூர்மையிலும் அசல் ஜல்லியே. கழுவிக் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்துக் கீழே விழுவதை எடுங்கள். அதை மறுபடி மைதா சல்லடையில் சலித்துத் தூசியை நீக்குங்கள். பிறகு ஒரு காந்தத்தை அதற்குள் பலமுறை துழாவுங்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். அதை விட்டுவைத்தால் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொண்டு எஞ்சின் கெடும்.

ஸ்லீப்பர்களுக்கு நடுவே பரப்பி, தூரிகையால் தட்டிச் சமன்செய்து, தண்டவாளப் பக்கம் ஒட்டியதைத் துடைத்துவிடுங்கள். ஃபெவிகாலும் நீரும் சம பங்கு கலந்து, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விடுங்கள். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் கலவை மணிமணியாக உருண்டு ஜல்லியை அள்ளிக்கொண்டு ஓடும். முதலில் வெறும் நீரைத் தெளிப்பானால் புகைபோல் அடித்து, பிறகு இங்க் ஃபில்லரால் கலவையைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஒரு நாள் தொடாமல் விட்டுவிடுங்கள். பாயின்ட்டின் நாக்கு அசையும் பகுதியில் ஜல்லி வேண்டாம். அங்கே ஸ்லீப்பர் இடுக்குகளைச் சாம்பல் நிறத்தில் தீட்டினாலே போதும்.

மரங்களைப் பெரும்பாலோர் குட்டையாகச் செய்துவிடுகிறார்கள். நாற்பதடி வேப்பமரம் 140 மி.மீ.; நிலையக் கூரையைவிட இரண்டரை மடங்கு உயரம். பழைய மின்ஒயரின் செம்புக் கம்பிகளை முறுக்கிக் கிளை பிரித்து, தேங்காய் நாரைப் பிய்த்து ஒட்டி, பச்சை சாயமிட்ட மரத்தூளைத் தூவினால் ஒன்று தயார். இரண்டு மரம் சரியான உயரத்தில் நின்றால் பத்துக் குட்டி மரங்களைவிட இடம் நிறைவாகத் தெரியும்.

ஓட்டுவதும் பேணுவதும்

எட்டு வேகனுக்கும் எட்டுச் சீட்டு எழுதிக் குலுக்கி ஐந்தை எடுங்கள். எடுத்த வரிசையிலேயே அந்த ஐந்து வேகனையும் நீளப் பாதையில் கோத்து நிறுத்த வேண்டும், கையால் தூக்கக் கூடாது. மொத்தம் 6,720 வரிசைகள் சாத்தியம் என்பதால் ஒரே ஆட்டம் திரும்ப வருவது அபூர்வம். மெதுவாக ஓட்டுங்கள். அசல் ஷண்டிங் எஞ்சின் நடக்கும் வேகத்தில்தான் வேகனைத் தொடும்.

எஞ்சின் விக்கி விக்கி ஓடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அழுக்கை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பருத்தித் துணியால் தண்டவாளத்தின் மேல்முகத்தையும் எஞ்சின் சக்கரங்களையும் துடையுங்கள். உப்புத்தாள் தேய்த்தால் அப்போதைக்குப் பளபளக்கும். அது விட்ட கீறல்களில் அழுக்கு இன்னும் விரைவாகத் தங்கும். துடைத்தும் ஓரிடத்தில் மட்டும் நின்றால், அந்தத் துண்டுக்குப் போகும் ஒயரின் பற்றவைப்பைச் சோதியுங்கள். ஓட்டாத நாட்களில் பலகையை வெயில் நேராக விழாத இடத்தில் வைத்து, நூல் பிரியாத துணியால் மூடிவையுங்கள். பிரிந்த ஒரு நூல் அச்சில் சுற்றிக்கொண்டால் எஞ்சினைக் கழற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.